ஏழாம் நம்பர் அண்டாவோட ஆளுக

ஒரு செவ்வாக்கெழம காலைல புளியம்பேட்டைல குழாயடிக்குப் பல்லு விளக்கப் போன ஆளுகள்ல முக்கால்வாசிப் பேருக்கு இடது மணிக்கட்டுல ஒரு நம்பர் வெட்டியிருந்துச்சு. மை இல்ல, பச்சை குத்தினதும் இல்ல. சொம்புக்குப் பேர் வெட்டும்போது சின்ன உளிய வச்சு டிக்கு டிக்குனு தட்டுவாகள்ல, அந்த மாதிரி புள்ளி புள்ளியா, தடவிப் பார்த்தா லேசா குழி விழுந்து, வலியும் இல்லாம ரத்தமும் இல்லாம, பொறந்த அன்னைலருந்து அங்கயே கெடந்த மாதிரி கெடந்துச்சு. டீக்கடை பரமானந்தத்துக்கு பன்னெண்டு. போஸ்ட்மேன் சீனியப்பனுக்கு ஏழு. தையக்கார வெயிலுமுத்துக்கு நாப்பத்தொண்ணு. வாயில பேஸ்ட் நொரையோட ஒருத்தர் கைய ஒருத்தர் பார்த்துக்கிட்டு, "உனக்கு எத்தன, எனக்கு எத்தன"ன்னு விசாரிச்சு முடிச்சு, வாய் கொப்புளிச்சுட்டு, ஊரே நேரா பவுன்தாயி கடைக்கு நடந்துச்சு.

அங்க போகாம வேற எங்க போக? அந்த ஊர்ல நம்பர் வெட்டின சாமான்னா அது பவுன்தாயி வாடகைக்கு விடுற சாமான்தான். அண்டா, குண்டா, இட்லிக் கொப்பரை, சாம்பார் வாளி, சட்டுவம், எல்லாத்துக்கும் கழுத்துல ஒரு நம்பர். கல்யாணமா, காதுகுத்தா, கருமாதியா, அந்த ஊர்ல அடுப்பு மூட்டணும்னா அவ கடைல ஏதாவது ஒண்ணு எறங்கி வந்தாகணும்.

பவுன்தாயி அப்பத்தான் தலைய அள்ளி முடிஞ்சுக்கிட்டு வெளிய வந்தா. வாசல்ல நூறு பேரு கைய நீட்டிக்கிட்டு நிக்கான்.

"என்ன, ஊரே சேந்து வாடகைக்குப் போகப் போறீகளா? கல்யாண வீட்டுக்காரன் உங்களக் கழுவித் திருப்பித் தரணுமே, அவனுக்கு எம்புட்டுச் சிரமம்."

சொல்லிட்டு ஒவ்வொரு கையா புடிச்சுப் பார்த்தா. போஸ்ட்மேன் சீனியப்பன் கைய மட்டும் கொஞ்ச நேரம் விடல. அந்த ஏழுக்கு அடியில ஒரு வால் இருந்துச்சு, நாய்க்குட்டி வால் மாதிரி மேல சுருண்டு. ஏழுக்கு வால் போடுறவன் அந்த ஊர்லயே ஒருத்தன்தான். அவ புருஷன் சோலையப்பன். கடைல இருக்கிற அத்தன சாமானுக்கும் நம்பர் வெட்டினது அவன்தான், வெட்டிட்டு பத்தொம்பது வருசத்துக்கு முன்னால ஊர விட்டுப் போனவனும் அவன்தான்.

அவ கைய விட்டுட்டு மாடியப் பார்த்துக் கூப்பிட்டா. "ஏ எஸ்தரு, எறங்கி வா. ஒன் கம்ப்யூட்டரு ஊருக்கே தடுப்பூசி போட்டிருக்கு."

எஸ்தர் கனி மாடில வாடகைக்கு இருக்கிற பிள்ள. மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுக்கு வீட்ல இருந்தே வெப்சைட்டு செஞ்சு குடுக்கிறது அவ வேல. பவுன்தாயி கடை நோட்டு கரையான் அரிச்சுக் கெடக்கிறதப் பார்த்துட்டு, "அக்கா, இத நான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தாரேன்"ன்னு ஒரு மாசமா ஏத்திக்கிட்டு இருந்தா. திங்கக்கெழம சாயங்காலந்தான் முடிச்சிருந்தா.

அந்த நோட்டு எப்படி இருக்கும்னு சொல்லணும். பவுன்தாயி ரெண்டாங் கிளாஸ்ல பாதிதான் படிச்சா, மிச்சப் பாதி வாத்தியார் பாக்கி வச்சிருக்காருன்னு சொல்லிக்கிடுவா. அதனால ஒரு பாத்திரத்துக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு மேல அண்டான்னா அண்டா, கரண்டின்னா கரண்டி, அவ கையாலயே படம். எடுத்துட்டுப் போறவுக அந்தப் படத்துக்குக் கீழ தன் பேரத் தானே எழுதிட்டுப் போகணும். அம்புட்டுத்தான் நோட்டு. எஸ்தர் நோட்டப் பார்த்த மாதிரியே எழுதிட்டா. பாத்திரம் மேல, ஆளு கீழ.

இப்ப சீனியப்பன் கையப் பார்த்ததும் எஸ்தர் மாடிப்படிலயே உக்காந்துட்டா. "அக்கா, நான் உறவத் திருப்பி எழுதிட்டேன்."

"என்னத்த உறவு?"

"கம்ப்யூட்டர்ல ஆளு ஒரு மாடலு, அதாவது ஒரு வகை, பாத்திரம் இன்னொரு மாடலு. ரெண்டுக்கும் என்ன உறவுன்னு நம்ம ஒரே ஒரு வரி எழுதணும். யாருக்கு யாரு சொந்தம்னு. மிச்சத்த ஃப்ரேம்வொர்க்குன்னு உள்ள ஒண்ணு இருக்கு, அதுவே பார்த்துக்கிடும்."

"கல்யாணத் தரகர் மாதிரி."

"ஆமா, அதேதான். இப்ப ஒங்க சொம்புல ஒங்க பேர் வெட்டியிருந்தா சொம்பு யாருது?"

"என்னது."

"ஒங்க மேல சொம்போட நம்பர வெட்டியிருந்தா?"

பவுன்தாயி யோசிக்கவே இல்ல. "நான் சொம்போடது."

"அதத்தாங்க்கா எழுதியிருக்கேன். ஆளு பாத்திரத்துக்குச் சொந்தம்னு."

 கூட்டத்துலருந்து டீக்கடை பரமானந்தம் தன் பன்னெண்ட வேட்டில தொடச்சுப் பார்த்துட்டு, "அப்ப நான் இட்லிக் கொப்பரையோட ஆளா?"ன்னு கேட்டான். "மூஞ்சப் பார்த்தாலே தெரியுதுல்ல"ன்னா பவுன்தாயி. ஊரு சிரிச்சுச்சு. சிரிச்சதோட அந்த விசயம் ஊருக்குள்ள வந்து உக்காந்துருச்சு. எஸ்தர், "இன்னைக்கே அழிச்சுடுறேன்"ன்னப்போ சீனியப்பன்தான், "என்ன அவசரம் பிள்ள, இருந்துட்டுப் போகட்டும்"னான். அவன் அதுக்குள்ள இன்னும் நாலு ஏழாம் நம்பர் ஆளுகளோட டீ குடிக்கக் கெளம்பியிருந்தான்.

ஒரு வாரம் போறதுக்குள்ள புளியம்பேட்டைக்காரன் ஒருத்தன ஒருத்தன் பார்த்தா சௌக்கியமான்னு கேக்குறத நிப்பாட்டிட்டு, "நீங்க எத்தனாம் நம்பரு?"ன்னு கேக்க ஆரம்பிச்சிருந்தான். டவுன் பஸ்ல ஒரே நம்பர்க்காரன் ஒரே சீட்டுல உக்காந்தான், இடம் இல்லன்னா மடில உக்காந்தான். பொண்ணு பார்க்க வந்த எடத்துல ஜாதகத்த அப்புறம் பார்த்துக்கிடலாம், மொதல்ல கையக் காட்டுங்கன்னாக. கொடம் நம்பர்க்காரன் கரண்டி நம்பர்க்காரன ஒரு மாதிரியாப் பார்த்தான், பெருசு சிறுசு இருக்குல்ல. வரப்புத் தகராறுல பதினோரு வருசமாப் பேசாத ரெண்டு பேருக்கு ஒரே சாம்பார் வாளி நம்பர் விழுந்துபோச்சு. ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டே பக்கத்துல பக்கத்துல நின்னாக, மொறப்பு குறையல, எடவெளி குறைஞ்சுருச்சு. நம்பர் இல்லாத மிச்சப் பாவப்பட்ட சனமெல்லாம், வீட்ல எந்த விசேஷமும் இல்லாமலேயே வந்து ஒரு ஜல்லிக் கரண்டியாவது குடு தாயின்னு பேர் எழுதிட்டுப் போச்சு.

இன்னொண்ணும் இருந்துச்சு. பாத்திரம் எங்க போகுதோ அதோட ஆளுகளும் அங்க போனாக. கூப்பிட்டுப் போகல, தானாப் போச்சு காலு. வியாழக்கெழம ஏழாம் நம்பர் அண்டாவக் கீழத்தெரு வளைகாப்புக்கு ஏத்தி அனுப்பினா, சோறு கொதிக்கிற நேரத்துக்கு நாப்பது பேரு போய் அண்டாவச் சுத்தி நிக்கான், மில்லுக்குப் போனவன் மில்ல விட்டுட்டு, பாதி சவரம் பண்ணவன் பாதித் தாடியோட. வளைகாப்புக்காரி மொதல்ல மூஞ்சச் சுளிச்சா. அப்புறம் அதுவே வழக்கமாப் போச்சு: அண்டாவ எடுத்தா அண்டாவோட ஆளுகளுக்கும் சேத்து ஒலை வைக்கணும். அவுகளும் சும்மா சாப்பிட்டுப் போகல. எல இழுத்தாக, தண்ணி ஊத்தினாக, அண்டாவத் தடவிக்கிட்டே, இதுலதான எங்கக்கா கல்யாணச் சோறு வெந்துச்சு, அன்னைக்கு மழை வந்து பந்தல் சரிஞ்சு மாப்பிள்ள குடைக்குள்ள தாலி கட்டினான்னு ஒருத்தன் ஆரம்பிப்பான், இதுலதான எங்கப்பன் கருமாதிக்குப் பருப்பு வெந்துச்சு, அன்னைக்குத்தான் எங்கண்ணன் மறுபடி என்கூடப் பேசினான்னு இன்னொருத்தன் பிடிப்பான், எல எடுத்த பெறகும் எந்திரிக்க மனசில்லாம உக்காந்திருப்பாக.

வெளியூர் போனவுகளையும் விடல. திருப்பூர்ல பனியன் தைக்கிறவன், பம்பாய்ல இட்லிக் கடை போட்டவன், பேரு எப்பவோ ஒருநா நோட்டுல எழுதிட்டுப் போனவன் எல்லாம், கை அரிக்குதுன்னு பைய எடுத்துக்கிட்டு வந்து எறங்கினான். பத்து வருசமாப் பூட்டிக் கெடந்த வீட்டு வாசல்ல எல்லாம் கோலம். வத்தல் காயப்போட எடமில்லாம மொட்டமாடி நெறஞ்சுச்சு. தெருவுல பழைய பட்டப்பேரு எல்லாம் உசுரோட எந்திரிச்சு, தொப்பை விழுந்த ஆளுகளப் பார்த்து, "ஏலே ஓணான்"ன்னு கூப்பிட்டுச்சு.

இம்புட்டு நடக்கையில ஊர்ல ஒரே ஒருத்தி கைதான் வெறுங்கையா இருந்துச்சு. ஊருக்கே பாத்திரம் குடுத்தவ, தன் பாத்திரத்தத் தானே எடுக்கும்போது நோட்டுல பேர் எழுதுவாளா? சாமான் கழுவும்போது பவுன்தாயி தன் மணிக்கட்டத் திருப்பிப் பார்ப்பா. "ஒனக்கு மட்டும் ஒண்ணுமில்லியா மதினி?"ன்னு பரமானந்தம் கேட்டதுக்கு, "மொதலாளிக்கு எதுக்குடா நம்பரு"ன்னு சொல்லிட்டா. சொல்லிட்டு அந்தக் கொப்பரைய ரெண்டு தடவ கழுவினா.

பன்னெண்டாவது நாளு, காலை பத்து மணி பஸ்ல சோலையப்பன் வந்து எறங்கினான்.

பவுன்தாயிக்கு அது தெரியாம இருக்குமா? ஏழாம் நம்பர் பக்கத்துல கடைசிப் பேரு அவன் பேருதான். பத்தொம்பது வருசத்துக்கு முன்னால ஒரு நா, அவன் கூட்டாளி தங்கச்சி கல்யாணத்துக்கு அண்டாவத் தூக்கிக்கிட்டுப் போகப் பார்த்தான். அவ வாசல்ல நின்னு, எடுத்துட்டுப் போறவன் பேர் எழுதணும், புருஷனா இருந்தாலும் எழுதணும்னா. எழுதினான். எழுதும்போது ஆளுக முன்னாலயே அவ இன்னொண்ணும் சொன்னா, "நீங்களும் இந்த அண்டாவும் ஒண்ணு, எவன் கூப்பிட்டாலும் போயிருவீக"ன்னு. சிரிக்கத்தான் சொன்னா. ஆளுகளும் சிரிச்சாக. அவன் சிரிக்கல. மறுநா வண்டில அண்டா திரும்பி வந்துச்சு, நல்லா வெளக்கி. அவன் வரல. அன்னைலருந்து ஏழாம் நம்பர் பக்கத்துல மேற்கொண்டு யாரையும் எழுத விடாம, ஏழ எடுக்கிறவுகளையும் எட்டாம் நம்பர் பக்கத்துலதான் எழுத வச்சா.

இப்ப அவன் தலையெல்லாம் வெள்ளையா, கைல ஒரு துணிப்பையோட, கடைக்குள்ள வந்து அவளப் பாக்காம ஏழாம் நம்பர் அண்டாகிட்ட போய் நின்னான்.

"வாங்க. எம்புட்டுத் தூரம்?"

"சூரத்து. மில்லு கேண்டீன்ல இருந்தேன்."

"யாரு கூப்பிட்டாக?"

அவன் கையக் காட்டினான். வால் வச்ச ஏழு. "இது கூப்பிட்டுச்சு."

"அண்டாதான கூப்பிட்டுச்சு. அப்ப அதோடயே இருங்க."

அவன் இருந்தான். சாமான் போட்டு வைக்கிற கொட்டகைல, அண்டாவுக்குப் பக்கத்துல பாய விரிச்சுக்கிட்டான். அவ வேளாவேளைக்குத் தட்டக் கொண்டுபோயி அண்டா மேல வச்சுட்டு வந்தா, அவன் கைல குடுக்கல. அவன் தேஞ்சுபோன நம்பரையெல்லாம் எடுத்து வச்சு மறுபடி வெட்டினான். அந்த டிக்கு டிக்கு சத்தம் கேக்க ஆரம்பிச்ச பெறகு அவ ரேடியோ போடுறத நிப்பாட்டிட்டா. மூணாம் நாளு தட்ட வச்சுட்டுத் திரும்பும்போது அவன் சொன்னான்.

"ஏ பவுனு, நடுவுல ரெண்டு தடவ பஸ் ஏறினேன். பாதில எறங்கிட்டேன்."

"எறங்குறதுக்கு ஒங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம்."

இந்த நேரத்துலதான் எஸ்தர் ஒரு கரண்டிய அழிச்சா. நாப்பத்தொண்ணாம் நம்பர் சட்டுவம் காம்பு ஒடஞ்சு, பழைய இரும்புக்குப் போயிருச்சு. இல்லாத சாமான் எதுக்குப் பட்டியல்லன்னு அத எடுத்தா. மத்தியானம் பவுன்தாயி ஜாக்கெட்டு வாங்கத் தையக்கடைக்குப் போனா, நாப்பத்தொண்ணாம் நம்பர்க்காரன் வெயிலுமுத்து இல்ல. மிஷின் இருக்கு, ஊசில பாதி தச்ச துணி இருக்கு. அவன் பொண்டாட்டிய விசாரிச்சா, "யாரு வெயிலுமுத்து?"ன்னு கேக்கா. கேட்டுட்டு, "ஆமா மதினி, எனக்கும் காலைலருந்து ஒரு யோசன, நான் எதுக்கு ரெண்டு டம்ளர்ல காப்பி ஆத்தினேன்னு"ங்கா.

பவுன்தாயி ஓட்டமா வந்து மாடி ஏறினா. எஸ்தர் தலைல கைய வச்சுக்கிட்டா. "பாத்திரம் போனா அதுக்குச் சொந்தமானதும் சேந்து போகட்டும்னு ஒரு வரி எழுதி வச்சிருந்தேங்க்கா. குப்பை சேராம இருக்கும்னு."

"குப்பையா? அவன்கிட்ட எனக்கு மூணு ஜாக்கெட்டு கெடக்கு."

சட்டுவத்த மறுபடி ஏத்தினதும் வெயிலுமுத்து வந்தான். ஈரத் துண்டோட தெருவுல நடந்து வந்தவன், "ஏன் எல்லாரும் என்னையப் பாக்கீக?"ன்னான்.  அவன் பொண்டாட்டி அந்த ரெண்டாவது டம்ளர எடுத்து மறுபடி ஆத்தினா.

அன்னைக்குச் சாயங்காலம் அண்டா கழுவையில பவுன்தாயி பாத்தா, ஏழாம் நம்பர் அடியில தண்ணி கசியுது. ஒரு சொட்டு, எண்ணி முடிச்சா அடுத்த சொட்டு. ஈயம் பூசுறவர வரச்சொல்லிக் காட்டினா. அவரு அண்டாவக் கவுத்து, வெரலால தட்டி, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. "அடி அப்பளமா இருக்கு தாயி. பத்து வச்சு ஒட்டினா அந்த ஒட்டுதான் நிக்கும், அண்டா நிக்காது. இன்னும் ரெண்டு விசேஷம் தாங்கினா பெருசு"ன்னுட்டுப் போயிட்டாரு.

அண்டா போனா அம்பத்திரெண்டு பேர். போஸ்ட்மேன் சீனியப்பன், கீழத்தெருவுல பாதி, திருப்பூர்லருந்து வந்து எறங்கின புள்ளைக. பட்டியல்ல அம்பத்திரெண்டாவது பேரு சோலையப்பன்.

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட்டா?"ன்னு கேட்டா பவுன்தாயி.

"எடுக்கலாம். ஆளு போக மாட்டாக. ஆனா இல்லாத பாத்திரத்தோட நம்பரு கையில இருக்கும். எந்த வாசல் தன் வாசல்னு தெரியாம தெருத்தெருவா நிப்பாக."

"அதுக்கு மறைஞ்சே போகலாம். வேற?"

எஸ்தர் கொஞ்ச நேரம் நகத்தக் கடிச்சா. "அக்கா, தப்பு மொதல்லயே நடந்துபோச்சு. ஆளு பாத்திரத்துக்கும் சொந்தமில்ல, பாத்திரம் ஆளுக்கும் சொந்தமில்ல. ஒரு ஆளு எத்தனையோ அண்டாவுல சாப்பிட்டிருப்பான், ஒரு அண்டா எத்தனையோ பேருக்குப் பொங்கியிருக்கும். நான் ஒருத்தனுக்கு ஒண்ணுதான்னு கட்டிப்போட்டுட்டேன். ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ண நிக்க வைக்கணும்."

"நடுவுல யாரு?"

"விசேஷம். அந்தக் கல்யாணம், அந்தக் காதுகுத்து, அந்தத் தேதி. ஆளு விசேஷத்துக்கு வந்தாரு, அண்டாவும் விசேஷத்துக்கு வந்துச்சு. அந்த நாளு வழியாத்தான் ரெண்டுக்கும் உறவு. அண்டா ஒடஞ்சாலும் அந்த நாளு இருக்கும், ஆளும் இருப்பாக. ஆனா யாரு கையிலயும் நம்பரு இருக்காது. யாரையும் எதுவும் இழுக்காது."

பவுன்தாயி கொட்டகைப் பக்கம் பார்த்தா. டிக்கு டிக்குன்னு சத்தம் வந்துக்கிட்டு இருந்துச்சு.

"இழுக்காதுன்னா, போறவுக போயிருவாக."

"போயிரலாம்க்கா."

"நோட்டுல வெறும் பேருதான இருக்கு. என்ன விசேஷம், என்ன தேதின்னு எவன் எழுதினான்?"

"அதாங்க்கா தெரியல."

"எவனும் எழுதல. நான் சொல்றேன், நீ எழுது."

மூணு நா சொன்னா. காலைல காப்பி குடிச்சுட்டு உக்காந்தா வெளக்கு வைக்கிற வரைக்கும் சொன்னா. எழுதப் படிக்கத் தெரியாத மண்டைல எம்புட்டு எடம் காலியா இருந்துச்சோ அம்புட்டுலயும் ஊரோட நாளுக அடுக்கி அடுக்கி இருந்துச்சு. எஸ்தர் ஒரு பேர வாசிப்பா, பவுன்தாயி கண்ண மூடிக்கிட்டு, அதுவா, அது அவன் ரெண்டாவது மக சடங்கு, தை மாசம் மூணாவது வெள்ளி, சக்கரைப் பொங்கல்ல உப்ப அள்ளிப் போட்டு, அதையும் சாப்பிட்டுட்டு ஒருத்தரும் சொல்லாம போனாகன்னு சொல்லுவா; அடுத்த பேர வாசிச்சா, அது அவன் மாடு செத்ததுக்குப் பொங்கினது, மாட்டுக்கு யாராவது பந்தி போடுவாகளான்னு சிரிச்சவுகதான் மொத வரிசைல உக்காந்தாகன்னு சொல்லுவா; அதுக்கடுத்தது, அது கல்யாணம், பொண்ணு ஓடிப்போயி அவ தங்கச்சி மணைல உக்காந்தா, இன்னைக்கு அவளுக்கு மூணு பிள்ள, ஓடிப்போனவளுக்கும் மூணு பிள்ள, லீவுக்கு ஆறும் ஒரே வீட்ல கெடக்குன்னு சொல்லுவா. கேக்கிறதுக்கு ஊரே வந்து படில உக்காந்துச்சு. தன் பேரு வந்ததும் ஆளு நிமிர்ந்து உக்காருவான், தன் நாளக் கேட்டுட்டு, மூக்க உறிஞ்சிக்கிட்டு, அடுத்தவனுக்கு எடம் விடுவான். ஒரு தேதி தப்பில்ல. ஒரு கூட்டு தப்பில்ல.

மூணாம் நாளு மத்தியானம் எஸ்தர் ஏழாம் நம்பர் பக்கத்துல கடைசிக்கு வந்தா. குரலத் தணிச்சு வாசிச்சா. "சோலையப்பன்."

படில இருந்தவுக எல்லாம் எந்திரிச்சு அவுகவுக வேலையப் பாக்கப் போனாக. யாருக்கும் ஒரு வேலையும் இல்ல.

"கூட்டாளி தங்கச்சி கல்யாணம். ஆவணி பதினேழு. புதன்கெழம"ன்னா பவுன்தாயி.

எஸ்தர் எழுதிட்டு நிமிர்ந்தா. "அக்கா, ஒங்க பேரு எந்த விசேஷத்துலயும் இல்லியே."

"என் கல்யாணச் சோறும் அந்த ஏழுலதான் வெந்துச்சு. என் மாமனாரு அதுக்காக வாங்கின அண்டா அது. அப்ப கடையும் இல்ல, நோட்டும் இல்ல."

"அத ஏத்தட்டுமா? அவரு, நீங்க, அண்டா, மூணும் ஒரே விசேஷத்துல வந்துரும்."

பவுன்தாயி வெறுங்கையத் திருப்பிப் பார்த்தா. "ஏத்தினா இழுக்குமா?"

"இழுக்காதுன்னுதான் நெனைக்கேன். ஆனா நான் போன தடவையும் எவ்வளவோ நெனச்சேன்."

"அப்ப வேணாம். அண்டா கட்டிப் போட்டது போதும், நானும் கட்ட வேணாம். அந்த ஒண்ண விட்டுட்டு மிச்சத்த ஏத்து."

மறுநா காலைல குழாயடில எல்லாரும் கையத் தடவிப் பார்த்தாக. வெறும் தோலு, வாட்ச் கட்டின தழும்பு, அம்புட்டுத்தான். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கவே கூச்சமா இருந்துச்சு, ஊரு மொத்தமும் ஒண்ணாப் படுத்துத் தூங்கி எந்திரிச்ச மாதிரி. திருப்பூர்க்காரன் பைய எடுத்துட்டான். பம்பாய்க்காரன் வீட்டப் பூட்டிட்டுச் சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டான். பஸ் ஸ்டாண்டு நெறஞ்சு கெடந்துச்சு. வரப்புத் தகராறு வாளிக்காரங்க ரெண்டு பேரும் எதிரெதிர்த் தெசைல நடந்து போயி, தெரு முக்குல ஒரே நேரத்துல திரும்பிப் பார்த்தாக.

கொட்டகைல பாய் சுருட்டி வச்சிருந்துச்சு. துணிப்பையக் காணோம்.

 பவுன்தாயி ஏழாம் நம்பர் அண்டாவ வீட்டு முத்தத்துக்கு உருட்டிட்டு வந்தா, கொடங்கொடமா தண்ணிய மொண்டு ஊத்தினா. எட்டாவது கொடத்துக்கு அடி கழண்டு விழுந்துச்சு, சத்தம்கூட இல்ல, தண்ணி மட்டும் ஓடிச்சு, கால் நனஞ்சுச்சு. அவ ஈரக் காலோட தெருவுக்கு வந்து எண்ணினா. சீனியப்பன் தபால் பைய மாட்டிக்கிட்டு நிக்கான். கீழத்தெரு ஆளுக நிக்காக. எல்லாரும் இருந்தாக. திரும்பி வந்து அந்த வட்டத் தகட்டு மேலயே உக்காந்தா. எஸ்தர் எறங்கி வந்து ஏதோ சொல்லப் பார்த்தா. "போயி ஒன் வேலையப் பாரு பிள்ள, கண்ணு எரியுது, அடுப்புப் புகை"ன்னா. அடுப்பு பத்தவைக்கவே இல்ல.

பதினோரு மணிக்கு முத்தத்துல நெழல் விழுந்துச்சு. துணிப்பையோட சோலையப்பன்.

"எங்க போயிருந்தீக?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. மதுரை வண்டில ஏறி ஜன்னலோரமா உக்காந்தேன். கையப் பார்த்தேன், ஒண்ணுமில்ல. எங்க வேணாலும் போகலாம்னு இருந்துச்சு. கண்டக்டரு வந்து எங்கன்னு கேட்டான். எனக்கு வாய் வரல. எறங்கிட்டேன்."

"இத்தோட மூணு தடவ பாதில எறங்கியாச்சு."

"இந்தத் தடவ சரியான பக்கமா எறங்கினேன்."

அவ அந்தத் தகட்டக் காலால தள்ளிக் காட்டினா. "அண்டா போச்சு."

"பார்த்தேன்."

"அப்ப யாரப் பாக்க வந்தீக?"

 அவன் பைய எறக்கி வச்சுட்டு, முத்தத்துல தேங்கின தண்ணியக் கூட்டுமாற எடுத்துத் தள்ள ஆரம்பிச்சான். தள்ளிக்கிட்டே, "பசிக்குது பவுனு"ன்னான்.

அவ எந்திரிச்சு உள்ள போயி ஒரு தட்ட எடுத்தா. நம்பர் இல்லாத வீட்டுத் தட்டு. எடுத்துட்டு வந்தவ மாடியப் பார்த்துக் கூப்பிட்டா. "ஏ எஸ்தரு, இங்க ஒரு ஆளு வந்திருக்காரு. எழுதிக்கோ."

மேலருந்து குரல் வந்துச்சு. "எந்தப் பாத்திரம்க்கா?"

"பாத்திரமெல்லாம் இல்ல."

"சரி, என்ன விசேஷம்? விசேஷம்னு ஒண்ணு போடாம ஆள உள்ள விடாதுக்கா, நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

பவுன்தாயி அவனப் பார்த்தா. அவன் கூட்டுமாறப் பிடிச்சுக்கிட்டு, வகுப்புல பேர் கூப்பிடக் காத்திருக்கவன் மாதிரி நின்னான். அவ தட்ட அவன் கைலயே குடுத்தா.

"சும்மான்னு போடு"ன்னா.

எஸ்தர் அப்படியே போட்டா. புளியம்பேட்டைப் பட்டியல்ல இன்னைக்கும் கல்யாணம், சடங்கு, காதுகுத்து, வளைகாப்பு, கருமாதிக்குக் கீழ கடைசியா சும்மான்னு ஒண்ணு இருக்கு. திருப்பூர்க்காரன் போன பொங்கலுக்கு முந்தின வாரம் அதுலதான் வந்தான். பம்பாய்க்காரன் ரெண்டு தடவ வந்துட்டான். எதிரெதிர்த் தெசைல போன வாளிக்காரங்க ரெண்டு பேரும் வெள்ளிக்கெழம தவறாம, ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தன் அதுலதான் போறாக. எஸ்தர் எண்ணிப் பார்த்துச் சொன்னா, இப்ப எல்லாத்தையும் விட அதுலதான் ஆளு அதிகமாம்.